சைக்கிள் இன்றைக்கு விற்பனைக்கு இல்லை

ஏங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். முதலில் சாப்பிடுங்கள், அப்புறம் கோபப்படுங்கள்.

குளிர்கால விடுமுறை முழுக்க உங்களுக்கும் சோபாவுக்கும் பிரிவே இல்லை. நேற்று சைக்கிளை எடுத்த முதல் நாளே மேம்பாலம் ஏறினால் மூச்சு வாங்காதா? மிதிக்க முடியாமல் பால்வண்டியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்ததற்கு, "இந்தச் சனியனே வேணாம், வித்துடறேன்" என்று அதை வாங்க யாரையோ இன்றைக்கு வரச் சொல்லிவிட்டீர்கள். விற்றுவிட்டால் அப்புறம் ஜென்மத்துக்கும் ஏற மாட்டீர்கள்.

அவர் வந்தால் சைக்கிளைத் தாராளமாகக் காட்டுங்கள். சைக்கிள் சீட்டைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு நான் வேலைக்குப் போகிறேன். டிபன் டப்பாவோடு நன்றாகப் பொருந்திவிட்டது.

அந்த மனிதர் மேல் எரிந்து விழாதீர்கள். பாவம், குளிரில் வருகிறார், சூடாகக் காபி கொடுங்கள். "வீட்டுக்காரி ஒத்துக்கல" என்று சொல்லிவிடுங்கள். பழி என்னோடு போகட்டும், சாமியிடம் சொல்லிவிட்டேன். உங்கள் முழங்காலுக்கும் சேர்த்தே வேண்டிக்கொண்டேன்.

பி.கு.: நேற்று நான் சிரித்தது உங்களைப் பார்த்து இல்லை, அந்த இறுக்கமான கால்சட்டையைப் பார்த்து.

இன்னொன்று: சாயங்காலம் நான் வந்து சீட்டை மாட்டித் தருகிறேன், நீங்கள் சைக்கிளில் தெருமுனை வரைக்கும் போய் வரலாம். நான் நடந்து வருகிறேன். நீங்கள் என்னை முந்தினால் போதும்.