மண்ணுக்குள் போன நெருப்பு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா என்று முதலில் கேட்டுவிடுகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அது பாதிதான் உண்மை, மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஃபோனில் சொல்லலாமே என்று கேட்பாய். உன் அம்மா எங்கே பேச விடுகிறாள், பக்கத்திலேயே நின்றுகொண்டு நான் வாயைத் திறந்தாலே கண்ணால் மிரட்டுகிறாள். அதனால் கடையில் துணி வெட்டும் மேஜைமேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன், நடுவில் யாராவது பேன்ட் உயரம் குறைக்க வந்தால் நிறுத்திவிட்டு மறுபடி எழுதுவேன், கோர்வையாக இல்லாவிட்டால் சிரிக்காதே. போன வாரம் நீ பேசியபோது காலில் சுடுதண்ணீர் கொட்டிவிட்டது என்று அம்மா சொன்னாள் அல்லவா, நீகூட, அடுப்படியில் அப்பாவைவிட நீ மோசமாகிவிட்டாய் என்று கிண்டல் செய்தாய். அது சுடுதண்ணீர் இல்லை. ஊர்க்காட்டுக்குள் நடந்துகொண்டிருந்தபோது அவள் காலடியில் மண் உடைந்து, முழங்கால் வரைக்கும் சூடான சாம்பலுக்குள் கால் போய்விட்டது. உயிருக்கு ஆபத்து இல்லை, எலும்பும் முறியவில்லை, அதனால் இதைப் படித்தவுடன் டிக்கெட் தேடாதே, முழுதும் படி.

நீ இங்கிருந்து போனபோது நம் வீட்டுக் கொல்லைச் சுவருக்குப் பின்னால் இருந்தது காடா குப்பைமேடா என்றே சொல்ல முடியாது. அம்மா தபால் ஆபீஸ் கவுன்ட்டரிலிருந்து ஓய்வு பெற்றதும் சும்மா இருக்க முடியாமல் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு அதற்குள் இறங்கியது உனக்குத் தெரியும், ஆனால் இப்போது அது எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்று தெரியாது. நம் தெரு வயர்மேன், ஓய்வு பெற்ற நர்ஸம்மா, பேக்கரிக்காரர், இன்னும் சிலர். யாருக்கும் சம்பளம் கிடையாது, நன்றி என்ற சொல்கூடக் கிடையாது, தெருவில் இவர்களுக்குக் காட்டு இலாகா என்று பெயர் வைத்துவிட்டார்கள். மழைக்காலத்தில் குழி தோண்டிக் கன்று வைப்பார்கள், மழை விட்டதும் மண் இளகி இருக்கும்போதே முள்புதரை வேரோடு பிடுங்குவார்கள், மரத்தைச் சுற்றி நெரிக்கும் கொடிகளை அறுப்பார்கள். பிடுங்கியதை எல்லாம் ஓரமாகக் குவித்துக் காயவிட்டுக் குளிர் நாளில் எரிப்பார்கள். வெயில் ஆரம்பித்துவிட்டால் தீக்குச்சிகூட உள்ளே போகக்கூடாது, பேக்கரிக்காரரின் சட்டைப்பையை நர்ஸம்மாவே தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். நான் எந்தக் காலத்திலும் உள்ளே போனதில்லை. எனக்குப் பாம்பு பயம், முள் பயம், மரக்கிளை தலையில் விழுமோ என்று பயம். பழைய ஜீன்ஸ் துணியில் அவர்களுக்குக் கையுறை தைத்துக் கொடுத்துவிட்டு, காட்டுக் கேட்டுக்கு வெளியே டீ ஃப்ளாஸ்க்கோடு நிற்பதுதான் என் சேவை. அம்மாவும் என்னை வா என்று கூப்பிட்டதில்லை, இவர் கேட்டில் நின்னா போதும், நமக்காகப் பயப்பட ஓர் ஆள் வேணுமில்ல என்று எல்லார் முன்னாலும் சொல்வாள்.

இந்தக் குளிரிலும் வழக்கம்போல எரித்தார்கள். அம்மாதான் இடம் பார்த்தாள். காட்டின் நடுவில் ஒரு வெட்டவெளி இருக்கிறது, மேலே ஒரு கிளைகூடக் கிடையாது, தரையும் சமமாக இருக்கும், டீ குடிக்க அங்கேதான் உட்காருவார்கள். இதைவிடப் பத்திரமான இடம் எங்க இருக்கு என்று அம்மா கேட்டிருக்கிறாள், எல்லாரும் சரி என்றிருக்கிறார்கள். ஆனால் அது ஏன் வெட்டவெளியாக இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. முன்பு ஒரு புயலில் அங்கே இருந்த பெரிய மரம் விழுந்தது, தண்டை அறுத்து எடுத்துப் போனார்கள், அடிக்கட்டையைத் தோண்ட முடியாமல் இவர்களே கூடை கூடையாக மண்ணைக் கொட்டி மூடிச் சமம் செய்தார்கள். தங்கள் கையால் மூடியதைத் தாங்களே மறந்துவிட்டார்கள். அதன்மேல் தீ வைத்து, எரிந்து முடிந்ததும் தண்ணீர் ஊற்றி, சாம்பலைக் கிளறி, மறுபடி ஊற்றி, எல்லாம் முறைப்படிதான் செய்தார்கள். மேலே அணைந்தது. கீழே அந்தக் காய்ந்த கட்டைக்குள் நெருப்பு இறங்கி, வேர்வழியாக நகர ஆரம்பித்திருக்கிறது.

அது யாருக்கும் தெரியாது. வெயில் ஆரம்பித்தபோது வெட்டவெளியைச் சுற்றிப் புல் மட்டும் வட்டமாகக் கருகியது, வெயிலுக்குத்தான் என்று விட்டுவிட்டார்கள். அப்புறம் ஒரு நாள் துளிக் காற்று இல்லாத பகலில், பச்சைப்பசேல் என்று நின்ற ஒரு மரம் தானாகச் சாய்ந்து விழுந்தது. சத்தம் கடைவரைக்கும் கேட்டது, கையில் இருந்த கத்தரியைக் கீழே போட்டுவிட்டேன். போய்ப் பார்த்த வயர்மேன் முகம் வெளிறித் திரும்பி வந்தான். அண்ணே, மரத்துக்குக் கீழ வேரே இல்ல, வேர் இருந்த இடம் பூரா வெறும் பொந்துண்ணே, சாம்பல் இன்னும் சுடுது என்றான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற நெருப்பு என்றால் எந்தப் பக்கம் ஓடுவது என்றாவது தெரியும். இது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது, எந்த மரத்தடியில் வெளியே வரும் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. தீயணைப்பு வண்டி வந்தது, தண்ணீரும் அடித்தார்கள், பாவம் அவர்கள்தான் என்ன செய்வார்கள், சூடு எங்கே என்று கண்டுபிடித்துத் தோண்டி வையுங்கள், வந்து ஊற்றுகிறோம் என்று சொல்லிவிட்டு வேறு இடத்துத் தீக்குப் போய்விட்டார்கள்.

அதனால் இப்போது விடிந்ததும் தரை குளிர்ந்திருக்கும்போது இருவர் இருவராக உள்ளே போகிறார்கள். கம்பால் முன்னால் குத்திப் பார்த்து ஓர் அடி வைப்பது, குனிந்து புறங்கையை மண்ணில் வைப்பது. உனக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா நெற்றியில் வைத்துப் பார்ப்பாளே, அப்படியேதான். சூடு தெரிந்தால் அங்கே ஒரு குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டுவார்கள், பிறகு மற்றவர்கள் கடப்பாரையோடு வந்து தோண்டுவார்கள். துணி என் கடைத் துணிதான். இவ்வளவு சீக்கிரம் அது தீரும் என்று நான் நினைக்கவில்லை, இப்போது ரோஸ் நிறத்துக்கு வந்துவிட்டோம். அப்படிப் போனபோதுதான் அம்மாவுக்கு அது நடந்தது. கம்பு குத்திய இடம் கெட்டியாக இருந்ததாம், அதற்கு ஒரு சாண் தள்ளிக் கால் வைத்திருக்கிறாள். வயர்மேன் இடுப்பைப் பிடித்து இழுத்திருக்கிறான், ஷூ உள்ளேயே போய்விட்டது. கேட்டில் நின்ற எனக்கு அவள் குரல் கேட்டது. உள்ளே ஓட வேண்டும் என்று நினைத்தேன், கால் வரவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு வந்த பிறகு நர்ஸம்மா அவள் காலைத் தண்ணீரில் வைத்தபோதுதான் என் கால் நகர்ந்தது. இவ்வளவுக்கும் அவள் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, பாப்பாகிட்ட சுடுதண்ணின்னு சொல்லிடுங்க.

இப்போது கட்டுப் போட்ட காலோடு, புண் ஆறட்டும் என்று டாக்டர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், எப்போது மறுபடி போகலாம் என்று துடித்துக்கொண்டிருக்கிறாள். நான் பாத்த இடம்ங்க, என்னாலதான் பத்திக்கிச்சு, நான் வீட்டுல உக்காந்திருந்தா வயர்மேன் பொண்டாட்டி முகத்துல எப்படி முழிப்பேன் என்கிறாள். இத்தனை பேர் சேர்ந்து சரி என்று சொன்ன இடம், உன் ஒருத்தி மேல் எப்படிப் பழி வரும் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன், அழுதும் பார்த்துவிட்டேன். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன் பாப்பா, நீ அம்மாவுக்கு ஃபோன் போட்டு, போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல். நான் சொன்னால் பயந்தாங்கொள்ளி என்பாள், நீ சொன்னால் கேட்பாள். அடுத்த முறை அந்த மண் இடுப்புவரை உடைந்தால் யார் இழுப்பது, இதை நினைத்தாலே எனக்கு ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை.

இதுவரை எழுதி, தபாலில் போடாமல் மேஜை டிராயரில் வைத்திருந்தேன். அதற்குள் நடந்ததையும் எழுத வேண்டியிருக்கிறது. நேற்றுக் காலை துணி காயப்போடக் கொல்லைக்குப் போனேன், செருப்பு போடவில்லை. சுவரோரம் கொடிக்கம்பிக்குக் கீழே நின்றபோது உள்ளங்காலுக்கு இதமாக இருந்தது. முதலில் வெயில் பட்ட தரை என்றுதான் நினைத்தேன், இரண்டு சட்டையைக்கூடக் காயப்போட்டுவிட்டேன். அப்புறம்தான் அந்த மூலைக்கு மத்தியானம்வரை வெயிலே வராது என்பது உறைத்தது. குனிந்து புறங்கையை வைத்தேன். இஸ்திரிப் பெட்டியை எடுத்த பிறகு துணியில் இருக்குமே, அந்தச் சூடு. சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கும் மரத்தின் வேர் நம் கொல்லைக்குள் வந்திருக்கிறது என்று நமக்கு எப்போதும் தெரியும், அதன் வழியாக இன்னொன்றும் வந்துவிட்டது.

அம்மாவைக் கூப்பிட்டேன். நொண்டிக்கொண்டே வந்தாள், உட்கார முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. பிறகு, பயமா இருக்குங்க என்றாள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து இந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. நீ பிறந்த அன்று பிரசவ அறைக்கு வெளியே நின்றபோதுகூட நான்தான் நடுங்கினேன், உள்ளே இருந்த அவள் நர்ஸிடம், வெளியில இருக்கறவருக்கு முதல்ல ஒரு டீ வாங்கிக் குடுங்க என்று சொல்லி அனுப்பினாள். நேற்று அவள் அப்படிச் சொன்னதும் அதுவரைக்கும் எனக்கு இருந்தது எல்லாம் பயமே இல்லை என்று தெரிந்தது. அவள் பயப்படாமல் இருந்ததால்தான் இத்தனை காலம் நான் வசதியாகப் பயந்துகொண்டிருந்தேன் போலிருக்கிறது.

கடப்பாரையை நான்தான் எடுத்தேன். சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியவில்லை, வயர்மேன் வரும்வரை மண்ணைக் கிளறினேனே ஒழியத் தோண்டவில்லை. பிறகு எல்லாரும் வந்து சுவரை ஒட்டி இடுப்பளவு பள்ளம் எடுத்தோம், அந்த வேரைக் கண்டுபிடித்து வெட்டியபோது உள்ளே சிவப்பாகக் கனன்றது. தண்ணீர் ஊற்ற ஊற்ற ஆவி வந்தது, கடைசியில் நின்றது. அந்த ஒரு வேர் அணைந்தது, அதுமட்டும்தான் நிச்சயம். சுவருக்கு அந்தப் பக்கம் எத்தனை வேரில் இருக்கிறது என்று தெரியாது, மழை வருகிறவரை ஆள் மாற்றி ஆள் தேடத்தான் வேண்டும். நாளையிலிருந்து வயர்மேனோடு அம்மாவுக்குப் பதில் நான் போகிறேன். தைரியம் வந்து போகவில்லை, ஆனால் நான் போனால்தான் அவள் காலை நீட்டி உட்காருவாள். வீட்டுப் பத்திரம், உன் சான்றிதழ், போட்டோ ஆல்பம் எல்லாம் கடையில் கொண்டுவந்து வைத்துவிட்டேன். வயர்மேனின் ஷூ அளவும் என் அளவும் ஒன்றுதான், அவனிடம் கெட்டியாக இன்னொரு ஜோடி இருக்கிறதாம்.

நீ அங்கே இருந்துகொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையையும் வேலை வேலை என்று அலையவிடாதே. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் சந்தோஷமாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உங்கள் கூடவே இருக்கும். மேலே ஒரு பக்கத்தில், அம்மாவைக் கண்டித்துச் சொல் என்று எழுதியிருந்தேன், அதை விட்டுவிடு. ஃபோன் செய்யும்போது போகாதே என்றும் சொல்ல வேண்டாம், தைரியமாக இரு என்றும் சொல்ல வேண்டாம். பயமா இருக்காம்மா என்று மட்டும் கேள், கேட்டுவிட்டு அவள் பேசும்வரை லைனில் இரு. அவளிடம் அதை இதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

இப்படிக்கு,
உன்னை எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா