நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துப் பென்சில் குறிப்பு

மார்ச் 4
நூலகத்திலிருந்து எடுத்த ஆங்கிலத் துப்பறியும் நாவல். கடலோரப் பளிங்கு ஓட்டல், வைரம் பூண்ட சீமாட்டிகள், நீச்சல் குளத்தருகே செத்துக் கிடக்கும் ஒரு பிரபு. பேருந்து நிறுத்தத்தைத் தாண்டாத எனக்கு இதுதான் வெளிநாட்டுப் பயணம். ஓட்டலின் வரைபடம் 112ஆம் பக்கத்தில் இருந்தது. முப்பத்தாறு வருடம் வரைபடம் சரிபார்த்த கண்ணாயிற்றே! டாக்டரின் அறைக்கு இரண்டு கதவு. ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: 'கொலைகாரன் டாக்டர். ஐயமில்லை.'

மார்ச் 6
டாக்டர் இல்லை. அந்த இரண்டாவது கதவு துணி அலமாரியாம்.

மார்ச் 7
புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, குறிப்பை அழிக்கவில்லை! ஓடினேன். அதற்குள் மாடி வீட்டு நர்ஸம்மா எடுத்துப் போய்விட்டார். நூலில் எழுதினால் ஆறு மாதம் நூலக அட்டை ரத்து. இந்த விதிக்காகப் போன வருடம் மனுக் கொடுத்த மகானுபாவன் யார்? நானே.

மார்ச் 9
நர்ஸம்மா நூலகத்தில் கொதித்தார். "எவனோ கொலைகாரன் யாருன்னு எழுதித் தொலைச்சிருக்கான். இனிமே எதுக்குப் படிக்கணும்? பாதியிலேயே மூடிட்டேன்."
நூலகர் கண்ணாடியை உயர்த்தினார். "அச்சு மாதிரி எழுத்து. எங்கயோ பாத்திருக்கேனே."
நான் அட்லஸ் அலமாரிக்குப் பின்னால் இருந்தேன். ஏழு கண்டங்களும் என்னை மறைக்கப் போதவில்லை.

மார்ச் 10
குறிப்பு தப்பு என்று சொன்னால் நர்ஸம்மா மீதியைப் படிப்பார். சொன்னால் அட்டை போகும். காலையில் நூலகத்துக்குப் போகும் அந்த ஒரு நடைதான் எனக்கு. என்ன செய்ய?
மருமகளிடம் சொன்னேன். "கிறுக்கினதுக்கு யாரும் தூக்குல போட மாட்டாங்க மாமா. போய்ச் சொல்லுங்க."
மாடி ஏறினேன். மணியை அழுத்தாமல் இறங்கினேன். இரண்டு முறை.

மார்ச் 11
அழுத்திவிட்டேன்.
"எழுதினது நான்தாம்மா. அது தப்பு. டாக்டர் கொலைகாரன் இல்ல."
"அப்ப யாரு? ஐயோ, சொல்லாதீங்க!" என்று காதைப் பொத்திக்கொண்டார். பிறகு, "இவ்வளவு அழகான கையெழுத்துல இவ்வளவு தப்பா?" என்று சிரித்தார்.

மார்ச் 12
நூலகரிடம் நானே அட்டையை நீட்டினேன். விலக்கு உண்டா என்று விதியைப் பார்த்தார். இல்லை. அதையும் நான்தான் ஓட்டையில்லாமல் எழுதித் தொலைத்திருக்கிறேன்.

மார்ச் 21
காலை பதினொரு மணிக்கு நர்ஸம்மா இறங்கி வந்தார், தம் அட்டையில் எடுத்த புதிய நாவலோடு. பனிமலை விடுதி, ஐந்து விருந்தினர், விடுதிக்காரரின் பிணம். ஆளுக்கொரு அத்தியாயம் வாசித்தோம். நான்காவது முடிந்ததும், "யாரு சார்?" என்றார். யோசித்து, தயங்கி, "ராணுவத் தளபதி" என்றேன்.
"நல்லதாப் போச்சு. இன்னும் நாலு பேர்தான் பாக்கி," என்று பக்கத்தைத் திருப்பினார்.