உன் கம்பெனிக்கு நான் கொடுத்த கடன்

அன்பு மகள் பொம்மிக்கு,

பயிற்சி வண்டிக்குக் கடன் கிடைக்காமல் போனதற்கு நீதான் காரணம். இதை முதலில் எழுதிவிட்டேன், இனி நிம்மதியாக நலம் விசாரிக்கலாம். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்ப ஆசைப்படுகிறேன். போனில் பேசாமல் காகிதத்தில் என்ன எழுத்து என்று நினைப்பாய். போனில் கூப்பிட்டால் நாலாவது வார்த்தையில் "மீட்டிங்ல இருக்கேன்மா" என்கிறாய், செய்தி அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது, நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டு "ஒண்ணுமில்லடா, அம்மா சும்மா கத்துறா" என்று முடித்துவிடுகிறார். காகிதத்தை யாரும் பிடுங்கப் போவதில்லை. முழுக்கப் படி.

நம் பழைய வண்டியைப் போக்குவரத்து அலுவலகத்தில் இந்த முறை ஏற்றுக்கொள்ளவில்லை. சோதிக்க வந்தவர் அடியில் கம்பியை விட்டுக் குத்தினார், துரு கட்டியாக உதிர்ந்து அவர் ஷூவின் மேலேயே விழுந்தது, "இதுல ஆள ஏத்திக்கிட்டு எப்படிம்மா தைரியமா போறீங்க" என்று என்னைத்தான் திட்டினார். மூன்று மாதத்துக்குள் இரண்டு பக்கமும் பெடல் வைத்த வேறு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டவேண்டும், இல்லாவிட்டால் நம் டிரைவிங் பள்ளியின் உரிமம் போய்விடும். உரிமம் போனால் எனக்கு வேறு என்ன தெரியும் சொல். முன்பணம் சேர்த்து வைத்திருந்தேன், மீதிக்குத்தான் கடன், அதனால் தைரியமாகவே வங்கிக்குப் போனேன். கடன் மேசையில் யார் உட்கார்ந்திருந்தது தெரியுமா, என்னிடம் வண்டி கற்றுக்கொண்ட பெண், ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று பழக்கடைக்காரரைத் தன் கடையை விட்டே ஓட வைத்தாளே, அவள்தான். "வாங்க மேடம்" என்று எழுந்து நின்றாள், எனக்குப் பெருமையாக இருந்தது. கம்ப்யூட்டரில் என் விவரத்தைத் தட்டினாள், முகம் மாறியது, திரையை மெல்ல என் பக்கத்திலிருந்து திருப்பி வைத்துக்கொண்டாள். டாக்டர்கள் கெட்ட செய்தியை இப்படித்தான் திருப்புவார்கள். "மேடம், உங்க கிரெடிட் ஸ்கோர் இருக்கிற இருப்புக்கு நான் ஃபைலைத் தொடவே முடியாது" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன், வேறு யாரையோ பார்க்கிறாள் என்று நினைத்தேன். பால்காரருக்குக்கூட நான் பாக்கி வைத்ததில்லை. அவள்தான் பொறுமையாகச் சொன்னாள். உனக்கு வேலை கிடைத்து ஊரை விட்டுப் போனபோது என் கணக்கிலிருந்து உனக்கென்று இன்னொரு கிரெடிட் கார்டு வாங்கிக் கொடுத்தேனே, அவசரத்துக்கு வைத்துக்கொள் என்று, அதில் நீ இழுப்பது எல்லாம் என் பெயரில்தான் ஏறுமாம். கார்டின் எல்லையில் பத்தில் ஒன்பது பங்கு எப்போதும் நிரம்பியே இருக்கிறதாம். "நீங்க கட்டலைன்னு இல்ல மேடம், மாசாமாசம் மினிமம் கட்டியிருக்கீங்க, ஆனா கழுத்து வரைக்கும் கடன்ல நிக்கிற ஆள்னுதான் சிஸ்டம் பாக்கும்" என்றாள். என் பெயரில் அந்த மினிமத்தைக் கட்டி வந்தது நீ, பில்லும் உனக்கே போய்க்கொண்டிருந்தது. எல்லையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வைத்திருந்தால் நல்ல பிள்ளை, அதற்கு மேலே ஏற ஏற மதிப்பெண் இறங்கிக்கொண்டே வரும். போதாக்குறைக்குப் போன மழைக்காலத்தில் ஒரு மாதம் அந்த மினிமமும் கட்டவில்லையாம், அந்தக் கறுப்புப் புள்ளி வருடக்கணக்கில் நிற்குமாம். பொம்மி, இத்தனை வருடமாக எத்தனை பேருக்கு வண்டி கற்றுக் கொடுத்திருக்கிறேன், ஒருவருக்கு ஒரு சிராய்ப்பு இல்லை, அதற்கு எந்தக் கம்ப்யூட்டரிலும் மதிப்பெண் கிடையாது. கேட்காமலே கார்டின் எல்லையை இரண்டு தடவை உயர்த்திவிட்டு வாழ்த்துகள் என்று செய்தி அனுப்பியதே அதே வங்கிதான். பில்லில் மினிமத்தைப் பெரிய எழுத்தில் போட்டு, அதை மட்டும் கட்டினால் மீதி முழுவதற்கும் வட்டி ஓடும் என்பதை எறும்பு ஊர்வது போலப் போடுகிறவர்களும் அவர்கள்தான். ஆனால் பெயர் கெட்டது எனக்கு.

இதில் உன் அப்பா செய்த கூத்தையும் கேள். லிஃப்ட் பழுது பார்க்கப் போன கட்டடத்தில் ஒரு லோன் புரோக்கரைப் பிடித்திருக்கிறார். அவன், "கவலையே படாதீங்கண்ணே, ஒரே நேரத்துல ஏழு இடத்துல போட்டுவிடுறேன், ஒண்ணாவது மாட்டும்" என்று சொல்லியிருக்கிறான். நான் வகுப்பில் இருந்தேன், என் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது, அதில் வந்த ரகசிய எண்களை எல்லாம் அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு நிறுத்தி நிதானமாக அவனுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். ஏழும் இல்லை என்றுவிட்டன. ஒவ்வொரு இடத்திலும் என் விவரத்தை எட்டிப் பார்த்ததே ஒரு குற்றமாம், ஒரே சமயத்தில் இத்தனை கதவைத் தட்டுகிறவள் பணமுடையில் இருக்கிறாள் என்று கணக்காம், இருந்த மதிப்பெண்ணும் இன்னும் இறங்கிவிட்டது. காய்கறிகூட நாலு கடையில் விசாரித்துத்தான் வாங்குகிறோம், கடன் விசாரித்தால் மட்டும் திருடி மாதிரி பார்ப்பார்களா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன், "ஆமா மேடம்" என்றாள், அவ்வளவுதான். அப்பா இரண்டு நாள் என் கண்ணில் படாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். பிறகு கத்தரிக்கோலோடு வந்து "கார்டைக் குடு, வெட்டிப் போட்டு மூடிடலாம்" என்றார். மூடினாலும் கடன் மூடாது, பழைய கார்டை மூடினால் இத்தனை வருட நல்ல வரலாறும் அதோடு போய்விடும் என்று அந்தப் பெண் முன்னாலேயே எச்சரித்திருந்ததால் நான் கொடுக்கவில்லை.

பில்லை வரவழைத்துப் பார்த்தேன். ஓட்டல், ஓட்டல், விமானம், மறுபடியும் ஓட்டல், ஒரே நாளில் இருபது பேர் சாப்பிட்ட கணக்கு. என் மனதில் என்னென்னவோ ஓடியது, அதை எழுதமாட்டேன், தாய் நினைக்கக் கூடியதுதான், அதற்காக மன்னிப்பும் கேட்கமாட்டேன். அன்றைக்குப் போனில் நான் கத்தியபோது நீ அழுதுகொண்டே சொன்னதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. வாடிக்கையாளரைப் பார்க்க ஊர் ஊராகப் போகச் சொல்கிறார்கள், டிக்கெட்டும் அறையும் அவரவர் கார்டில் போட்டுக்கொள்ள வேண்டும், பில்லைக் கொடுத்தால் கம்பெனி பிறகு தரும், அந்தப் பிறகு முதலில் ஒரு மாதமாக இருந்து, அப்புறம் மூன்றாகி, இப்போது அரை வருடமாகிவிட்டது என்றாய். உன் மேலாளர் பிறந்தநாளுக்கு இருபது பேரை அழைத்துப் போனதுகூட உன் கார்டிலா என்று கேட்டேன். "அதையும் டீம் செலவுல போட்டுக்கலாம்னு சொன்னாரும்மா" என்றாய். உன் கார்டு இல்லை பொம்மி. என் கார்டு.

இப்போது புரிகிறதா என் கோபம் யார் மேல் என்று. முழுக்கக் கண்ணாடி பதித்த கட்டடம், உள்ளே வரும்போதே குளிர் அடிக்கிறது என்று படம் எடுத்து அனுப்பினாயே, அந்தக் கட்டடம் ஓடுவது ஓர் ஓட்டை வண்டியில் கிளட்ச் மிதிக்கக் கற்றுக் கொடுப்பவளின் கார்டில். உன் கம்பெனிக்கு நான் வட்டியில்லாமல் கடன் கொடுத்திருக்கிறேன், அந்த வட்டியை வங்கிக்கு நாம் கட்டிக்கொண்டிருக்கிறோம், அவர்களுடைய மதிப்பெண் ஒரு புள்ளி குறையவில்லை, என்னுடையது தரையில் கிடக்கிறது. இத்தனை பெரிய கம்பெனிக்கு ஒரு ஓட்டல் அறைக்கு முன்பணம் கட்ட முடியாதா. முடியும். உன்னைப் போன்ற நாற்பது பிள்ளைகள் வாயைத் திறக்காமல் கார்டைத் தேய்க்கும்போது அவர்கள் ஏன் கட்டவேண்டும். எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்கிறாய், நான் மட்டும் கேட்டால் வேலையை நிரந்தரம் செய்யமாட்டார்கள் என்கிறாய், "இங்க நாமெல்லாம் ஒரே ஃபேமிலி" என்று மேலாளர் சொல்கிறார் என்கிறாய். ஃபேமிலி என்றால் அவருடைய அம்மாவின் கார்டைக் கொண்டுவரச் சொல்.

உன் பயம் எனக்குத் தெரியாதது இல்லை. நீ பயந்தாங்கொள்ளி இல்லை, வாடகையும் தனியாக இருக்கிற ஊரும் ஆளைப் பயப்பட வைக்கும். ஆனால் கேட்பதற்கு ஒரு வழி இருக்கிறது. இங்கே பெரிய வீட்டிலிருந்து ஓர் அம்மாள் கற்றுக்கொள்ள வருகிறார், ஒவ்வொரு நாளும் "பர்ஸை மறந்துட்டேன் பாருங்க" என்பார், கைப்பை மட்டும் மறக்காமல் வரும். போன வாரம் வகுப்பின் நடுவில் வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன், அழகாகக் கட்டினார், சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு "நல்லா கத்துக்கிட்டீங்க, இப்ப ஃபீஸ் பாக்கியைக் குடுத்துட்டா அடுத்த தெருவுல இருந்து ஆரம்பிக்கலாம்" என்றேன். கோபமே படவில்லை. போனிலேயே பணம் அனுப்பிவிட்டு "முன்னாடியே கேட்டிருக்கலாமே" என்றார். உன் மேலாளரும் அப்படிச் சொல்வார் என்று நான் சொல்லமாட்டேன். சொல்லாமலும் போகலாம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம், நிரந்தரம் தள்ளிப்போகலாம். அதையும் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முன்பணத்தை எடுத்து உன் கார்டை அடைத்துவிடலாமே என்று அப்பா சொல்கிறார். அடைத்தால் மதிப்பெண் ஏறும், ஆனால் வண்டிக்கு முன்பணம் இருக்காது, முன்பணம் இருந்தால் மதிப்பெண் இல்லை. தன் பைக்கை விற்கிறேன் என்று கிளம்பினார், அவர் கருவிப் பையைத் தோளில் சுமந்துகொண்டு பஸ்ஸில் தொங்குவதை நான் பார்க்கவேண்டுமா. நானும் ஒரு நாள் முழுக்க முன்பணத்தைக் கட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். வகுப்புக்கு வருகிற நர்ஸ் ஒருத்தி, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலைக்கு லைசென்ஸ் கேட்கிறார்கள் என்று இரவுப் பணி முடித்த கண்ணோடு வந்து ஓட்டுகிறாள். "அக்கா, டெஸ்டுக்குள்ள புது வண்டி வந்துடும்ல?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லும்போதுதான், உன் மேலாளரின் பிறந்தநாள் சாப்பாட்டுக்கு நான் ஏன் பணம் கட்டவேண்டும் என்று எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. கட்டமாட்டேன். அந்த வங்கிப் பெண் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறாள், அடுத்த பில் தயாராகும் இருபதாம் தேதிக்கு முன்னால் கம்பெனி தரவேண்டியது வந்து கார்டில் ஏறிவிட்டால், எல்லையில் கால் பங்குகூட நிற்காது, ஓரிரு மாதத்தில் மதிப்பெண் நிமிரும், அந்தக் கறுப்புப் புள்ளி போகாவிட்டாலும் மேலதிகாரியிடம் பேசிப் பார்க்க அவளுக்கு வாய் இருக்கும், போக்குவரத்து அலுவலகத்தின் கெடுவுக்குள் விண்ணப்பம் போட்டுவிடலாம். இருபதைத் தாண்டினால் முடியாது. வங்கியிலிருந்து யாராவது கூப்பிட்டு, பாதி கட்டினால் போதும், கணக்கைத் தீர்த்துவிடுகிறோம் என்று இனிக்க இனிக்கப் பேசினால் சரி என்றுவிடாதே, பாதியில் தீர்த்தவள் என்று அதையும் என் பெயரில் எழுதிவிடுவார்கள். இந்த மாதத்திலிருந்து கம்பெனிக்காக அந்தக் கார்டை எங்கேயும் நீட்டாதே. டிக்கெட் அவர்கள் போட்டால் ஏறு, போடாவிட்டால் ஊரிலேயே இரு.

வேறு சேதி, உன் அறையில் கசிந்த சுவரைப் பூசிவிட்டோம், உன் பழைய மேசையை மட்டும் வெளியே எடுக்க முடியவில்லை, கதவுக்குள் அது எப்படித்தான் வந்தது என்று அப்பா தினமும் ஒரு தடவை போய் நின்று பார்க்கிறார். கண்ணாடியின் பவரை மாற்று, போன தடவை பேசும்போது கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாய். உன்மேல் கோபமாக எழுதியிருக்கிறேன், ஆனால் நீ பொய் சொல்லவில்லை, கெட்ட வழியில் போகவில்லை, அதற்கு நான் கொடுத்து வைத்தவள்தான். எங்கே இருந்தாலும் தலை நிமிர்ந்து, கை நிறைந்து, நோய் நொடி இல்லாமல் நூறு வருடம் இரு. அப்பாவின் ஆசியும் இதில்தான், தனியாக எழுதச் சொன்னால் ஓடிவிட்டார்.

கம்பெனி பணம் கொடுக்குமா கொடுக்காதா என்பது உன் கையில் இல்லை, அதைப் பற்றி உன்னிடம் கேட்கவில்லை. இந்தக் கடிதம் வந்த மறுநாள் காலையில் அந்த மேலாளரின் அறைக்குப் போ, உட்காரச் சொல்லாவிட்டாலும் உட்கார், என் அம்மாவின் பணத்தை இருபதாம் தேதிக்குள் கொடுங்கள் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல். சொல்வாயா?

இப்படிக்கு,
உன் அம்மா