உங்கள் விடுப்பு அனுமதிக்கப்பட்டது

மார்ச் 4

எங்கள் கண் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களுக்கு நான்தான் காவல். யார் கடவுச்சொல்லை யாரிடம் உளறினாலும் கடைசியில் என் தலைதான் உருளும். அதனால் இன்று எல்லோரையும் சோதிக்க ஒரு போலி மெயில் அனுப்பினேன்: "உங்கள் விடுப்பு அனுமதிக்கப்பட்டது. விவரம் பார்க்கக் கடவுச்சொல்லைத் தரவும்." பாதிப் பேர் தந்துவிட்டார்கள். லீவு என்றால் வாயைப் பிளக்கும் கூட்டம் என்று எனக்குத் தெரியாதா? சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

மார்ச் 5

சிரிப்பெல்லாம் போய்விட்டது. ஏமாந்தவர்களில் கணக்காளர் அக்காவும் ஒருவர். அவர் மகளுக்கு இந்த மாதம் பிரசவம். உண்மையாகவே லீவு கேட்டிருந்தாராம். மெயிலைப் பார்த்த கையோடு மகளைக் கூப்பிட்டு, வருகிறேன் என்று சொல்லியும்விட்டார். அது சோதனை என்று நான் சொன்னதும் அவர் முகம் - ஐயோ.

"விளையாட உனக்கு வேற எதுவும் கிடைக்கலையா?" அவ்வளவுதான் கேட்டார்.

வேறு எதையாவது எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா நான்?

மார்ச் 7

சாப்பாட்டு மேசையில் என் நாற்காலியின்மேல் அக்காவின் கைப்பை. மெயிலில் தூண்டில் போட்டேனாம், மற்றவர்கள் எனக்குத் தூண்டில்காரி என்று பேர் வைத்துவிட்டார்கள். சர்வர் அறையில் தனியாகச் சாப்பிட்டேன். ஏசி மட்டும் நன்றாக இருந்தது.

மார்ச் 13

காலையில் அக்காவே என் அறைக்கு வந்தார். பேச வந்துவிட்டார் என்று மனசு குதித்தது. கையில் அச்செடுத்த ஒரு மெயில். பெரிய டாக்டர் பெயரில், நோயாளிகளின் விவரங்களைத் திறக்கும் கடவுச்சொல்லை உடனே அனுப்பச் சொல்லியிருந்தது.

"இந்தத் தடவை டாக்டர் பேர்லயா? ஒரு தடவை ஏமாந்தது போதும்மா. கொஞ்சமாவது வெட்கப்படு."

தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். அதை நான் அனுப்பவே இல்லை.

இது நிஜத் திருடன் என்றேன். அக்கா நம்பவில்லை. டாக்டரிடமே இழுத்துப் போனேன். தான் அனுப்பவில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் அக்கா பொத்தென்று உட்கார்ந்தார். அந்த மெயில் வந்த முகவரியைத் தடுத்துவிட்டு, வேறு யாருக்கெல்லாம் போனதோ என்று ஒவ்வொரு அறையாக ஓடினேன். ஒருவர்கூடக் கடவுச்சொல்லைத் தரவில்லை. இவளுக்கு வேறு வேலை இல்லை என்று என்னைத் திட்டியபடியே மெயிலைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். இப்படி வசவு வாங்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

டாக்டர் என்னைப் பாராட்டினார். கண்டுபிடித்தது அக்காதான் என்றேன். அப்படியே அவர் லீவு கேட்டிருப்பதையும் காதில் போட்டேன்.

மார்ச் 14

அக்காவுக்கு டாக்டரிடமிருந்து மெயில்: உங்கள் விடுப்பு அனுமதிக்கப்பட்டது.

அக்கா அதைத் திறக்கவே இல்லை. நேராக டாக்டர் அறைக்குப் போய், நீங்கள்தான் அனுப்பினீர்களா என்று கேட்டு உறுதி செய்துகொண்டுதான் மகளைக் கூப்பிட்டார். பிறகு மேசைக்கு வந்து நாற்காலியிலிருந்து பையை எடுத்தார்.

"உட்காரு. சாப்பாடு ஆறுது."

கண் கலங்கிவிட்டது. குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.

மார்ச் 22

தெரியாத எண்ணிலிருந்து செய்தி: "பேத்தி பிறந்தாச்சு. படம் பார்க்க இங்கே தொடவும்."

விரல் கிட்டே போய்விட்டது. சட்டென்று இழுத்துக்கொண்டு, அக்காவின் எண்ணுக்கே அழைத்துக் கேட்டேன். மருமகன் போனிலிருந்து அக்காதான் அனுப்பினாராம்.

"தூண்டில்காரியே பயப்படுறாளே" என்று அக்கா சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. அந்தச் சத்தம் போதாதா? படத்தைத் தொட்டேன்.