படகுத்துறையில் கிடைத்த மீன் சட்டி

மே 11, ஞாயிறு.

தம்பி என்னோடு பேசாமலே சாப்பிட்டுப் போய்ப் படுத்துவிட்டான்.

லீவுக்குக் காரைக்கால் வந்திருக்கும் அவன் பிள்ளைகளைக் காலையில் கீழையூருக்குக் கூட்டிப்போனோம். பூம்புகார் பக்கம் தோண்டியெடுத்த பழைய படகுத்துறை. செங்கல் சுவரைப் பார்த்து இரண்டும் சிணுங்கின. அப்புறம் சின்னவள் யாழினி வேலியோரம் மண்ணைக் கிளறி, ஒரு பானை ஓட்டோடு ஓடிவந்தாள்.

"அத்தை, ராஜா காலத்துப் பானை! நானே கண்டுபிடிச்சேன்!"

"ரெண்டாயிரம் வருஷத்துப் பானைடா!" என்று தம்பி செல்போனில் படம் பிடித்தான்.

வாங்கிப் பார்த்தேன். அடியில் கரி, உள்ளே மீன்குழம்பு வாடை. நேற்று என் கை தவறி உடைந்து, கொல்லையில் போட்ட சட்டி.

"இது நம்ம வீட்டு மீன் சட்டிம்மா. உங்கப்பன்தான் பொதச்சு வச்சிருக்கான்."

அவள் அழுதுவிட்டாள்.

"ஏன்க்கா, இது என்ன நீ வேலை பாக்குற நியூஸ் பேப்பரா? புள்ள சந்தோஷப்பட்டா உனக்கென்ன போச்சு?"

அவன் ஆசையாகத்தான் செய்தான், தெரியும். ஆனால் பேப்பரில் தப்பு வந்தால் மறுநாள் திருத்தம் போடலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு யார் போடுவது? இன்னொரு தடவை நடந்தாலும் இதையேதான் சொல்வேன்.

திரும்பும்போது தரங்கம்பாடி தாண்டியதும் யாழினி என் பக்கம் நகர்ந்து வந்தாள்.

"அத்தை, அந்தச் செங்கச் சுவரு மட்டும் நெசந்தானே?"

"நெசந்தான்."

தலையாட்டிவிட்டு என் மடியிலேயே தூங்கிப்போனாள். முன் சீட்டில் இருந்த அப்பனிடம் கேட்கவில்லை.

அவன் நாளைக்கும் பேசாமல் இருந்தால் இருக்கட்டும்.