இனி நானும் மாத்திரை போடுகிறேன்

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

பாப்பாவும் நானும் நலம். மாரண்டஹள்ளியில் தக்காளி விலை இறங்கிவிட்டது. ஓசூர் மார்க்கெட்டில் உங்களுக்கு வேலை குறையாமல் இருக்கிறதா?

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். இத்தனை வருடமும் மாத்திரை இல்லாமலே எனக்குள் எச்ஐவி எப்படி அடங்கிக் கிடக்கிறது என்று டாக்டரம்மா விளக்கினார். பெற்றவர்கள் வழியாக வந்த ஒரு ஜீன், கிருமி புகுந்த செல்லை என் எதிர்ப்புச் சக்திக்குக் காட்டிக்கொடுக்கிறதாம்.

"நீயே மாத்திரை போடல, எனக்கு மட்டும் எதுக்குன்னு என்னையக் கேட்டு எங்க வூட்டுக்காரரு மாத்திரைய நிறுத்திட்டாருங்க" என்றேன்.

டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. "அவருக்குக் கிருமி அடங்கலியேம்மா. அதானே மொதமொதல்ல இங்க வந்தப்ப எலும்பும் தோலுமா இருந்தாரு? உன்னைப் பாத்து அவரு நிறுத்தக் கூடாது. உனக்குமே இது கடைசிவரைக்கும் அடங்கியிருக்கும்னு சொல்ல முடியாது."

அன்றைக்கே எனக்கும் மாத்திரை வாங்கிக்கொண்டேன். முதல் இரண்டு நாள் தலை சுற்றியது. உங்களுக்கும் அப்படித்தான் இருந்ததா என்று கேட்கப் பக்கத்தில் நீங்கள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுங்கள். மறுநாள் சேர்ந்து போய் உங்களுக்கும் வாங்கி வரலாம்.

நீங்கள் ஏன் வீட்டுக்கு வருவதில்லை என்று எனக்குத் தெரியும். இந்தக் கிருமி யாரிடமிருந்து வந்தது என்று நான் கேட்டதில்லை, இனியும் கேட்கப்போவதில்லை. மாத்திரை போட்டீர்களா என்று மட்டும் தினமும் கேட்பேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா