பதினான்காம் மாடியும் ஏழு டவர்களும்

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நான் நலம், அப்பா நலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார், உன் நலத்தை நீ எழுதித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். லிப்ட் பழுதாகி இன்றோடு இருபத்திரண்டு நாள். நானாவது இறங்கிக் காய்கறி வாங்கிக்கொண்டு மூச்சிரைக்க ஏறி வருகிறேன், அப்பாவைச் சக்கர நாற்காலியோடு பதினான்கு மாடி யார் தூக்குவது, அவர் ஜன்னலே கதியென்று கிடக்கிறார். இந்த வீடு சிறையாகத்தான் இருக்கிறது, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

அது கிடக்கட்டும், தலைபோகிற விஷயம் வேறு. இதைப் போனில் சொல்லலாம்தான், அப்பா பேச்சை எடுத்தாலே வேலை இருக்கிறது என்று நீ வைத்துவிடுகிறாயே. நான் எட்டுமுறை புகார் கொடுத்த பிறகு போன் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள், உன் வயதுதான் இருக்கும், ஒரு கருவியோடு அறை அறையாக அளந்துகொண்டிருக்கிறாள். கீழே போய்த் தபாலில் போடச் சொல்லி அவளிடம் கொடுத்தனுப்பத்தான் அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. சிக்னல் கோடு நிறைய இருந்தும் பேச்சு ஏன் அறுகிறது என்று கேட்டேன். "உங்களுக்கு சிக்னல் பத்தாம இல்லம்மா, கூடிப்போச்சு" என்கிறாள். தெருவில் நிற்பவனுக்குப் பக்கத்து டவர் ஒன்றுதான் கேட்குமாம், மற்றவற்றைக் கட்டடங்கள் மறைத்துவிடுமாம். இந்த உயரத்தில் மறைக்க ஒன்றுமில்லை, ஏழு டவரும் சேர்ந்து கேட்கிறதாம், போன் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி நடுவில் நம் பேச்சைத் தவறவிடுகிறதாம். உன் அத்தைமார் எல்லாரும் கூடிய கூடம் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். ஒரு டவரின் உச்சியில் இருக்கும் ஆன்டெனாவை நம் பக்கம் நிமிர்த்தி வையேன் என்றேன், நிமிர்த்தினால் அது ரொம்ப தூரம் போய் அடுத்தவர்கள் பேச்சைக் கெடுக்குமாம், அதற்காகத்தான் எல்லாவற்றையும் தெருவைப் பார்த்துக் குனிய வைத்திருக்கிறார்களாம். சாமான் அறையில் மட்டும் மூன்று பக்கமும் கனத்த சுவர், சின்ன ஜன்னல், அதன் வழியே ஒரே டவர். அதனால்தான் பழைய பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து உன்னோடு பேச முடிகிறது. அப்பாவின் நாற்காலி அந்தக் கதவில் நுழையாது, நிலையைக் கழற்றித்தர வேண்டிய தச்சரோ லிப்ட் ஓடட்டும், வருகிறேன் என்கிறார்.

பாப்பா, வீட்டை விற்றுவிட்டு உன்னிடம் வந்துவிடச் சொல்லி அப்பாவோடு சண்டை போட்டாயே, அதற்குப் பிறகு ஒரே ஒருமுறை, நான்கு மாதத்துக்கு முன்னால், படுக்கையறையில் அவரிடம் போனைக் கொடுத்தேன். வாதம் வந்த வாயால் "நீ" என்று ஆரம்பித்தார், அதோடு அறுந்தது. முகத்தில் அடித்தமாதிரி வைத்துவிட்டார் என்றாய், அவர் வீம்பு தெரிந்தவள்தானே, நானும் நம்பித் தொலைத்தேன். இத்தனை நாள் அவரிடம் சிடுசிடுத்ததை நினைத்தால் நெஞ்சு வேகிறது. இப்போது இந்தப் பெண் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர், என் கையைப் பிடித்து இழுத்து, ஒவ்வொரு சொல்லாக, "அப்போ அவ வைக்கலையா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஞாயிறு காலை கூப்பிடு. அலுவலகங்கள் மூடியிருக்கும், போனில் பேசுகிறவர்கள் குறைவு, அன்றைக்கு டவர்களின் இரைச்சலும் கொஞ்சம் அடங்கியிருக்கும் என்கிறாள். படுக்கையறையில் அவர் கையிலேயே போன் இருக்கும். வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல், இரண்டுபேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். அறுந்தால் மறுபடி கூப்பிடு, பத்துமுறை அறுந்தாலும் கூப்பிடு, அவர் வைக்கமாட்டார்.

இப்படிக்கு,
உன் அம்மா